கொட்டகையிலிருந்து சாலைக்கு: வீட்டில் கட்டிய கிட் காரின் வசந்தகாலப் பழுதுகள் - கேள்வி பதில்

பிரிட்டனில் மார்ச் பிறந்து, சாலையில் தூவிய உப்பை இரண்டு மூன்று நல்ல மழை கழுவிக்கொண்டு போனதும், நவம்பர் முதல் கொட்டகையில் போர்த்திக் கிடந்த கிட் கார்கள் வெளியே வரத் தொடங்கும். 1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் செவன் என்ற சிறிய இருவர் காரை வெளியிட்டபோது, அதைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது என்பதால் பலர் அப்படியே வாங்கினார்கள். 1973-இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது; அதே ஆண்டில் வந்த மதிப்புக் கூட்டு வரியோடு அந்தச் சலுகையும் போயிற்று. ஆனாலும் வீட்டில் கார் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னுடையதும் செவன் வகைக் கார்தான்: இரும்புக் குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, பழைய ஃபோர்டு சியராவிலிருந்து எடுத்த எஞ்சினும் பிரேக்கும். பதினான்கு வசந்தங்களாக அதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டியதில் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டு, இந்நாட்டில் வாழும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான்கு மாதம் நின்ற காரில் எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்? புதிய எக்ஸாஸ்ட்டும் இருக்கையும் வாங்கி வைத்திருக்கிறேன். (கோவென்ட்ரி)

பதில்: எக்ஸாஸ்ட் பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் வார இறுதியை ஸ்பேனருக்கும், குறித்த முறுக்கத்தில் போல்ட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கும் கொடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கத்தில் இறுக்க வேண்டும் என்பதை யாரோ சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். நம் காரில் அதை இறுக்கியவரும் நாம்தான், சரியாக இறுக்கியிருக்கிறோமா என்று சரிபார்க்க வேண்டியவரும் நாம்தான். காரைச் சமதரையில் நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். பிறகு முன் இடது சக்கரத்தில் தொடங்கி வலம் வருவதுபோல் ஒரே திசையில் சுற்றி வந்தால் எந்த இணைப்பும் விடுபடாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கார் ஓடத் தொடங்கிய இரண்டாம் வசந்தத்தில், முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் கவை வடிவக் கையான கீழ் விஷ்போனைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் கைவிரலால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பூட்டும்போது நான் சரியான முறுக்கத்தில்தான் இறுக்கியிருந்தேன். ஆனால் சட்டத்தின் மேல் தடிமனாகப் பூசியிருந்த பவுடர் கோட்டிங்கைச் சுரண்டாமல் வாஷரை அதன் மேலேயே உட்கார வைத்துவிட்டேன். அந்தப் பூச்சு அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலக, போல்ட்டின் பிடிமானமும் போய்விட்டது. நட்டு தானாகச் சுழன்று கழன்றிருந்தால், நட்டிலும் சட்டத்திலும் குறுக்காக நான் போட்டிருந்த மஞ்சள் வண்ணக்கோடு விலகிக் காட்டிக்கொடுத்திருக்கும். கோடோ நேராகவே இருந்தது. அன்றிலிருந்து கோட்டை மட்டும் நம்பாமல் ரெஞ்சையும் வைத்துப் பார்க்கிறேன்; வாஷர் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் தடவுகிறேன். நைலான் வளையமுள்ள நட்டைக் கழற்றினால் பழையதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஒரு நட்டுக்குச் சில பென்ஸ்தான் ஆகும்.

கேள்வி: பிரேக் மிதியை அழுத்தினால் முதல் முறை ஆழமாகப் போகிறது, இரண்டாம் முறை அழுத்தினால் கெட்டிப்படுகிறது. பின் சக்கரம் ஒன்று சுழலவும் மறுக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா? (குரோய்டன்)

பதில்: பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு. சுழலாத சக்கரத்தை முதலில் பாருங்கள். கை பிரேக்கைப் போட்டபடியே குளிர்காலம் முழுதும் நிறுத்தியிருந்தால், ஈரத்தில் டிரம்மோ டிஸ்க்கோ துருவேறிப் பிரேக் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லத் தட்டி விடுவித்து, துருவைத் தேய்த்து எடுத்து, பிஸ்டனும் கை பிரேக் கேபிளும் தடையில்லாமல் போய்வருகின்றனவா என்று பாருங்கள். அடுத்த நவம்பரில் கை பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

மிதி ஆழமாகப் போய் மறுமுறை கெட்டிப்படுவதற்குக் காரணம் குழாயில் காற்று புகுந்திருப்பது, அல்லது பின் பிரேக்கின் சரிக்கட்டு தளர்ந்திருப்பது. செவன் வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக்குக்குத் துணை செய்யும் சர்வோ கிடையாது. மிதி கல்போல் இருப்பதே அவற்றின் இயல்பு. ஆகவே சிறிய தொய்வையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பின் பிரேக்கைச் சரிக்கட்டிய பிறகும் தொய்வு இருந்தால், பிரேக் ஆயிலை முழுதாக மாற்றி, மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் அது வழக்கமாக இடது பின் சக்கரம். இவ்வகைக் கார்களில் ஊற்றும் டாட் 4 ரகப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், ஈரமேறிய நிலையில் 155 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் தரவரையறை சொல்கிறது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பார்த்தாலே, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது ஏன் என்று விளங்கும். வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீரூற்றிக் கழுவுங்கள், இல்லையேல் பூச்சு உரிந்துவிடும்.

கேள்வி: பின்னால் பிரேக் விளக்கு எரியும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. எல்லா விளக்கும் ஃபைபர் கிளாஸ் மட்கார்டில் பொருத்தியவை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா? (லெஸ்டர்)

பதில்: வேண்டாம், எர்த் வயர் ஒன்றைச் செப்பனிட்டாலே போதும். சாதாரணக் காரில் இரும்பு உடலே எர்த்தாக, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக, வேலை செய்யும். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுத்துச் சட்டத்தில் இணைத்திருப்பீர்கள். அந்த இணைப்பு, பவுடர் கோட்டிங்கின் மேல் உட்கார்ந்தோ துருப்பிடித்தோ பலவீனமாகியிருக்கிறது. 21 வாட் பிரேக் பல்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கிறது. தன் வழி அடைபட்டால் அந்த மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறொரு எர்த்தைத் தேடுகிறது. அதனால்தான் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது.

உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. நீண்ட வயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை அந்த விளக்கின் எர்த் முனையிலும் பிடியுங்கள். கோளாறு மறைந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் அதே இரண்டு இடங்களுக்கிடையே, விளக்கு எரியும்போது, வோல்ட்டேஜ் பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மீட்டரைக் கையில் எடுத்ததற்குப் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்: ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12-க்குக் கீழே போயிருந்தால் வெறும் பேட்டரி.

கேள்வி: கொட்டகையைத் திறந்தால் பெட்ரோல் வாடை. கசிவு எங்கும் தெரியவில்லை. கார் 1990-களில் கட்டியது. (கார்டிஃப்)

பதில்: வாடை நீங்கும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள், கதவைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் வந்த பின் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் என்பது இ10, அதாவது 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. உங்கள் கார் கட்டப்பட்ட காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதைத் தாங்குமாறு செய்யப்பட்டவையல்ல. உள்ளேயிருந்து இளகி, வெளியே வெடிப்பு விடும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். பலரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள தடித்த ரப்பர் குழாய். சொட்டு விழாமல் வாடை மட்டும் வருகிறதென்றால் நான் முதலில் அதையும், டேங்கின் காற்றுக் குழாயையும்தான் பார்ப்பேன். இனிமேல் குளிர்காலத்துக்கு நிறுத்தும்முன் 5 விழுக்காடு எத்தனால் உள்ள சூப்பர் ரகத்தை ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: அலுமினியத் தகட்டின் ஓரத்தில் ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. (நார்விச்)

பதில்: அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அங்கே ஒரு சிறிய பேட்டரியே உருவாகிவிடும், அதில் கரைவது அலுமினியம். துடைப்பது மருந்தாகாது. அந்தப் பகுதியின் ரிவெட்டுகளைத் தலை அளவுக்கு மட்டும் துளையிட்டு எடுத்து, தகட்டைத் தூக்கி, இரண்டு பரப்பையும் சுத்தம் செய்து, இரும்பின் மேல் எபாக்சி பிரைமர் அடியுங்கள். இரண்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் சீலன்ட்டைத் தொடர்ச்சியாக இட்டு, அடிப்பக்கம் மூடிய ரிவெட்டுகளால் மீண்டும் பூட்டுங்கள். ஒரு முழப் பகுதிக்கு ஒரு நாள் பிடிக்கும் வேலை. தள்ளிப் போட்டால் தகடு முழுவதையும் மாற்ற நேரும்.

கேள்வி: டயர்களுக்கு ஒன்பது வயது, ஆனால் பூவெட்டு (சாலையைத் தொடும் பரப்பிலுள்ள பள்ளங்கள்) புதிதுபோல் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? (லீட்ஸ்)

பதில்: மாற்றுங்கள். சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பூவெட்டு ஆழம். அரை டன் எடையுள்ள கார் அந்த அளவுக்குத் தேய்க்கும் முன்பே ரப்பர் இறுகிவிடும். பக்கச் சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது.

கேள்வி: மணிக்கு 60 மைலில் கார் ஒரு நிலையில் நிற்காமல் அலைபாய்கிறது. டயரில் சியராவுக்குச் சொன்ன காற்றழுத்தத்தையே வைத்திருக்கிறேன். வீல் அலைன்மென்ட்டை வீட்டில் செய்ய இயலுமா? (பிரிஸ்டல்)

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சியரா ஆயிரம் கிலோவைத் தாண்டும் கார். உங்களுடையது அதில் பாதி. இவ்வகைக் கார்களுக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை போதும். அதற்கு மேல் அடைத்தால் டயர் பந்துபோலத் துள்ளும். முதலில் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் நிற்கவில்லையென்றால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, ஸ்டியரிங் ராக்கின் பிடிகளிலும் பந்து மூட்டுகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் உள்ள காரில் அலைன்மென்ட் செய்து பயனில்லை.

வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். நான் ஒவ்வோர் ஆண்டும் செய்கிறேன். 80 கிலோ ஓட்டுநர் 550 கிலோக் காரில் உட்கார்ந்தால் எடை ஏழில் ஒரு பங்கு கூடி, உயரமும் கோணமும் மாறிவிடும். ஆகையால் அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் அந்த எடை இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் 20 கிலோ அரிசி மூட்டைகள் நான்கை வைக்கிறேன். தரையின் சமநிலையைப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தின் கீழ் மெல்லிய பலகைத் துண்டு கொடுங்கள். காரை முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷனைப் படியவிட்ட பிறகு, இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டுங்கள். முன் சக்கரங்களின் மையத்திலிருந்து நூல் வரையுள்ள தொலைவு இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கும் அப்படியே. முன்னும் பின்னும் அச்சின் அகலம் வேறாக இருக்கலாம் என்பதால் முன் அளவையும் பின் அளவையும் ஒன்றாக்க முயலாதீர்கள். இரண்டு நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூல் வரை அளந்தால், சக்கரம் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கிட்டுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கியதும் இன்னொரு முறை அளங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே சிறிது நகரும்.

கேள்வி: அடுப்பில் வைத்ததுபோல் போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் சூடேறுகிறது, ஓடும்போது சரியாகிவிடுகிறது. (ரெடிங்)

பதில்: ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன் இழுக்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்த்திசையில் சுழல்வதை நானே இரண்டு கார்களில் பார்த்திருக்கிறேன். ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டரின் முன் பிடித்தால் அது ஒட்ட வேண்டும். அடுத்து, ரேடியேட்டரின் ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஸ்பான்ஜ் பட்டையால் அடையுங்கள். கூலன்ட்டை மாற்றியிருந்தால் மூக்குப் பகுதியை உயர்த்தி, காற்றுக் குமிழ் வெளியேறும்வரை ஓடவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் முன் அரசு நடத்தும் ஐ.வி.ஏ. சோதனைக்காகக் கூர்விளிம்புகளில் மாட்டிய ரப்பர் பட்டைகள் அழகைக் கெடுக்கின்றன. சோதனை முடிந்துவிட்டதால் எடுத்துவிடலாமா? கூடவே பெரிய எஞ்சினும் போட எண்ணம். (மில்டன் கீன்ஸ்)

பதில்: எடுக்காதீர்கள். வெளிப்புற விளிம்புக்கு அந்தச் சோதனை குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு கேட்பது, சாலையில் நடந்து போகிறவரின் தொடையோ குழந்தையின் முகமோ அதில் படக்கூடும் என்பதற்காக. எஞ்சினை மாற்றினால் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த வேகத்தைப் பிரேக் தாங்குமா என்பதை எஞ்சின் வாங்கும் முன் கணக்கிடுங்கள்.

கேள்வி: துணிக்கூரையின் பொத்தான்கள் எட்டவில்லை, சுருங்கிவிட்டது. (எக்சிட்டர்)

பதில்: குளிரில் வினைல் விறைத்திருக்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்துவிட்டது. முதல் ஓட்டம் எவ்வளவு தூரம் போகலாம்? மே மாதத் தொடக்கத்தில் வெளியூர்ப் பயணம் ஒன்று இருக்கிறது. (டார்பி)

பதில்: சாலையில் ஓட்டவில்லை என்று அறிவித்து நிறுத்திய காராயிருந்தால் முதலில் வரியைக் கட்டுங்கள். அதற்கு முன், முன்பதிவு செய்த எம்.ஓ.டி. எனும் ஆண்டுத் தகுதிச் சோதனைக்குப் போய்வருவதற்கு மட்டுமே சட்டத்தில் இடமுண்டு. அப்போதும் காப்பீடு வேண்டும். முதல் நாள் ஐந்து மைல் போய் ஐந்து மைல் திரும்புங்கள். தொடக்கத்தில் ஆளில்லாத இடத்தில் மெதுவாக நான்கைந்து முறை பிரேக் அடித்தால் டிஸ்க்கிலுள்ள துரு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் இருக்கையை விட்டு இறங்கி நான்கு சக்கரங்களின் மையத்தருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் போகிறது. அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து இரவெல்லாம் நிறுத்துங்கள். காலையில் அட்டையில் என்ன சொட்டியிருக்கிறது என்று பார்த்து, ஆறிய சக்கரங்களின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்த பிறகு, அடுத்த நாள் ஐம்பது மைல் போகலாம்.