உவமை, உருவகம், நாடக முரண்: எப்படிப் பிரித்தறிவது?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தரத் தமிழ் படிக்கும் தங்கச்சி ஒருவர், உவமையையும் உருவகத்தையும் எப்படிப் பிரிப்பது, நாடக முரண் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

'பனி, போர்வை போல லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) மூடியது' என்றால் உவமை. 'போல' என்ற உருபே காட்டிக்கொடுத்துவிடும். 'பனிப்போர்வை' என்றால் பனியே போர்வை ஆகிவிட்டது, அது உருவகம்.

சரி, உருபு இல்லாவிட்டால் எல்லாம் உருவகமா? இங்கேதான் பலர் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள். 'கொழுந்துவிரல்' என்பதை விரித்தால் கொழுந்து போன்ற விரல். உருபு மறைந்திருக்கிறது, ஆகவே உவமைத்தொகை. 'விரல்கொழுந்து' என்று திருப்பிப்போட்டால் விரலாகிய கொழுந்து, உருவகம். ஒப்பிடப்படும் பொருள் (இங்கே விரல்) முன்னால் வந்தால் உருவகம், பின்னால் வந்தால் உவமைத்தொகை என்று பாருங்கள். (தேயிலை மலையைப் 'பச்சைக் கம்பளம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கூடையோடு அந்தச் சரிவில் ஏறியவர் அப்படிச் சொல்லமாட்டார்.)

நாடக முரணுக்கு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தே போதும். மாசி மாதம் தோட்டத்தில் பார்த்திருப்பீர்களே. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுக்கிறாள். மன்மதன் வீறாப்பாகக் கிளம்புகிறான். அவன் எரிந்துபோவான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த இடைவெளிதான் நாடக முரண்.

அப்புறம், தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவதுதான் மெய்ப்பாடு) மூன்றை இதே கூத்தில் பிடிக்கலாம்: மன்மதனிடம் பெருமிதம், நெற்றிக்கண் திறக்கும் சிவனிடம் வெகுளி, ரதியிடம் அழுகை.