துருக்கியில் வெளியூர் பஸ் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: கிராமப்புறம் பார்க்க ஆசை. இஸ்தான்புல்லில் இருந்து கப்படோக்கியாவுக்கு இரவு பஸ்தானே வசதி?

பதில்: வசதிதான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம், விடிந்தால் கப்படோக்கியாவில் இருக்கும் கோரெமே ஊர். ஆனால் கிராமப்புறம் பார்க்க ஆசைப்படுகிறவர் துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவை இருட்டில் கடக்கலாமா? அங்காராவில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலை பஸ் பிடியுங்கள். அங்காராவில் இருந்து அக்சராய் போகும் பழைய சாலையில் துஸ் உப்பு ஏரி வலது பக்கம் வரும். கோடையில் தண்ணீர் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. 2020இல் திறந்த நீடே விரைவுச்சாலையில் போகும் பஸ் ஏரிக்கரையை ஒட்டிப் போகாது. கிர்ஷெஹிர் வழியாகப் போனால் ஏரியே கிடையாது. எந்த வழி என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: கோரெமேக்கு டிக்கெட் எடுத்தும் பக்கத்து ஊரான நெவ்ஷெஹிரில் இறக்கிவிடுவார்களாமே?

பதில்: சில பஸ்கள் அங்கேயே நின்றுவிடும். மிச்ச தூரத்துக்கு அந்தக் கம்பெனியின் வேன் இருக்கும். ‘செர்விஸ்’ என்று கேளுங்கள். நிலையத்தில் யாராவது வலிய வந்து கூப்பிட்டால் பின்னால் போய்விடாதீர்கள்.

கேள்வி: அக்கா, தனியாகப் போகிறேன். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தைரியமாகப் போம்மா. தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆணுக்கு சீட் கொடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். ஒரு பக்கம் ஒற்றை சீட் இருக்கும் பஸ் கிடைத்தால் அதை எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள், டிக்கெட்டுக்கு எண் கேட்பார்கள்.

கேள்வி: சாப்பாடு, கழிப்பறை?

பதில்: பெரும்பாலான பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ‘மோலா’ என்று நிறுத்துவார்கள். எத்தனை நிமிஷம் என்று முவாவின், அதாவது பஸ் உதவியாளர், சொல்வதைக் கவனியுங்கள். சில்லறை வைத்திருங்கள், கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு. இறங்கியதும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி பஸ்கள் வரிசையாக நிற்கும், நீண்ட பிரஷ்ஷோடு ஆட்கள் வந்து கழுவிக்கொண்டிருப்பார்கள். வண்டிக்குள் டீயும் கேக்கும் வரும். முவாவின் ஒரு பாட்டிலோடு வந்தால் இரண்டு கையையும் குவித்து நீட்டுங்கள். எலுமிச்சை வாசனையோடு கொலோன்யா என்ற வாசனைத் திரவியம் ஊற்றுவார், கையில் தேய்த்துக்கொண்டால் ஜில்லென்று அசதி போகும். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் இது.

கேள்வி: பஸ் போகாத சின்னக் கிராமங்களுக்கு?

பதில்: டோல்முஷ் என்ற மினி வேன்கள் இருக்கின்றன. பல தடங்களில் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். காசை முன் சீட்காரரிடம் கொடுத்தால் கை மாறி டிரைவரிடம் போய், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். இறங்க ‘இனெஜெக் வார்’ என்று குரல் கொடுங்கள். ஒன்று முக்கியம்: இந்த வண்டிகள் கிராமத்துக்காரர்களின் வசதிக்கு ஓடுபவை. காலையில் கிராமத்தில் இருந்து டவுனுக்கு வந்து, கடைவேலை முடிந்ததும் மதியத்துக்கு மேல் திரும்பும். நாம் போவதோ எதிர்த்திசை. மதியம் போய்ச் சேர்ந்தால் அன்றைக்குத் திரும்ப வண்டி இல்லாமல் போகலாம். அதனால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே டிரைவரிடம் கேளுங்கள். தங்க இடம் இருந்தால் கவலையே இல்லை, இருந்துவிட்டுக் காலையில் ஊர்க்காரர்களோடு வாருங்கள். சந்தை நாளில் வண்டி அதிகம், ஞாயிற்றுக்கிழமை குறைவு.

கேள்வி: முன்பதிவு அவசியமா?

பதில்: சாதாரண நாளில் நேரே நிலையத்துக்குப் போனாலே பெரும்பாலும் கிடைக்கும். ரம்ஜான், பக்ரீத் விடுமுறையில் மட்டும் ஊரே கிளம்பும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.