வாசகர் கேள்வி – பதில்: நூறு ரூபாய் நன்கொடை

கேள்வி: குடியாத்தத்தில் நண்பர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். ஆளுக்கு நூறு, இருநூறு என்று ஜிபேயில் வசூலித்துக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் உங்கள் ஜிபேயில் வாங்கி அவருக்கு மாற்றாதீர்கள். கொடுத்தவர்கள் மறைந்து, கணக்கில் உங்கள் பெயர் மட்டும் நிற்கும். வேட்புமனுவுக்கு ஒரு நாளாவது முன்பு, தேர்தல் செலவுக்கென்றே அவர் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தேர்தல் முகவரோடு கூட்டாகவும் வைக்கலாம். முகவர் அல்லாத மனைவியோடு கூடாது. அந்தக் கணக்கின் க்யூஆரையே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

சிக்கல், வேட்பாளர் வரவு செலவு எழுதிவைக்க வேண்டிய தேர்தல் செலவுப் பதிவேட்டில்தான். வங்கி வரவில் கொடுத்தவரின் வீட்டு முகவரி இருக்காது. பெயர், முகவரி, பரிவர்த்தனை எண் மூன்றையும் அன்றன்றே வாங்கி, அதில் வங்கி வரவுக்கான மஞ்சள் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வரவோடு ஒப்பிடுங்கள். ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புப் பக்கம். ஒருவரிடம் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. (2019-இல் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தான தொகுதி, குடியாத்தம் அடங்கிய வேலூர். ரொக்கமே வேண்டாம் என்போம்!) வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த உறவினர் அனுப்பினால் திருப்பிவிடுங்கள்.

செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போக வேண்டும். தவறினால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தடை வரலாம்.

கேள்வி: கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

பதில்: இல்லை. அது பதிவு பெற்ற கட்சிக்கு, அதுவும் ரொக்கமில்லாமல் கொடுத்தால்தான். சுயேச்சைக்குக் கொடுப்பது உங்கள் சொந்தச் செலவு.