கேள்வி – பதில்: பந்தயப் படகும் பருத்திப் பாயும்

கேள்வி: 1851ல் இங்கிலாந்துப் பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற பாய்ப்படகு ஜெயித்ததற்குப் பருத்தித் துணிதான் காரணமாமே? அந்தப் படகு இப்போது எங்கே?
– தறிக்காரர் ஒருவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: துணிக்குப் பாதிப் பங்கு உண்டு. ஆகஸ்ட் 22 அன்று வைட் தீவைச் சுற்றி ஓடிய ஆங்கிலேயப் படகுகளின் பாய்கள் ஆளி நாரில் நெய்தவை. நெசவு இளக்கமாக இருந்ததால் இழைகளுக்கு நடுவே காற்று கசியும். பாயை நனைத்தால் நூல் உப்பி இடைவெளி மூடும். ஆனால் பாய் கனத்துவிடும். 'அமெரிக்கா'வின் பாய் இயந்திரத் தறியில் நெருக்கி நெய்த பருத்தி. அடி விளிம்பு முழுவதையும் மரச்சட்டத்தோடு கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். ஆங்கிலேயர் பாயின் அடியைச் சட்டத்தோடு கட்டாமல் தொங்கவிட்டார்கள். அப்படித் தொங்கும் பாய் பையாக உப்பும். எதிர்காற்றில் படகு முன்னேறாமல் பக்கவாட்டில் சறுக்கும்.

மீதிப் பாதி ஜார்ஜ் ஸ்டீர்ஸ் வடித்த உடல். முகப்பு கூர்மை, அகலம் நடுவில். எதிராளிகளுக்கு முகப்பே பருமன்.

கட்டுவித்த ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ் குழுவினர், ஜெயித்த பத்தே நாளில் படகை டி பிளாக்கியர் பிரபுவுக்கு விற்றுவிட்டுக் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். 1856ல் வாங்கிய டெம்பிள்டவுன் பிரபு அதைக் கவனிக்காமல் போட்டுவைத்தார். பிட்சர் என்ற கப்பல் கட்டுநர்தான் வாங்கிப் புதுப்பித்தார். அவர் மட்டும் வராதிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கைக்குப் போய், 1862ல் புளோரிடாவில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. வடக்குக் கடற்படை அதைத் தூக்கி எடுத்தது. 1870ல் அதே கோப்பைக்கு ஓடி நாலாவதாக வந்தது. 1873ல் பெஞ்சமின் பட்லர் 5,000 டாலருக்கு வாங்கி, 1893ல் இறக்கும்வரை வைத்திருந்தார். 1921ல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்கு வந்த பிறகு பராமரிப்பு குறைந்தது. 1942 மார்ச்சில் பனிச்சுமை தாங்காமல் கொட்டகைக் கூரை படகின் மேலேயே விழுந்தது. 1945ல் மிச்சத்தை உடைத்து எரித்தார்கள். அத்தனை புகழ் பெற்ற படகுக்கு இந்த முடிவு வந்திருக்கவே கூடாது.

கேள்வி: மாதிரிப் படகுக்குப் பருத்திப் பாய் எப்படித் தைப்பது?
– பள்ளி மாணவி, ஏற்காடு

பதில்: நெருக்கமான பாப்ளின் எடு. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், போகும் வாக்கில் இழுத்தால் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். அதனால் பாயின் பின்விளிம்பு பாவுக்கு இணையாக வர வேண்டும். துணியின் கரையையே அந்த விளிம்பாக வைத்தால் மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. முதலில் மென்காற்றில் விடு. எடுத்த எடுப்பிலேயே பலத்த காற்றில் இழுபட்டால் பாயின் வடிவம் கெட்டுவிடும். ஈரத்தோடு சுருட்டாதே, பூஞ்சை பிடித்து நூல் மக்கும். ஏரியில் விடுவதானால் கரை மரங்களை விட்டுத் தள்ளி விடு. மரத்தடியில் காற்று திசை மாறி மாறி அடிக்கும்.