செவன் சிஸ்டர்ஸ் பாதையில் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது?

கேள்வி: லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். 8 முதல் 12 வயது வரை 24 பிள்ளைகளை ஜூன் மாதம் இங்கிலாந்தின் தென்கடலோரத்தில், செங்குத்தான வெள்ளைப் பாறைகளின் உச்சியில் போகும் செவன் சிஸ்டர்ஸ் பாதைக்குக் கூட்டிப் போக ஆசை. அங்கே விளிம்பில் வேலியே இல்லை என்கிறார்கள். போகலாமா? எத்தனை பெரியவர்கள் வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். எக்சீட்டில் தொடங்கி பர்லிங் கேப்பில் முடியுங்கள். சுமார் 6 கிலோமீட்டர். பிள்ளைகளோடு மூன்று மணி நேரமாவது ஆகும். கழிப்பறை இரண்டு முனைகளில்தான் உண்டு, நடுவே தண்ணீரோ நிழலோ கிடையாது. கடற்கரை வழியாகத் திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடல் ஏறினால் பாறைக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

பிள்ளைகள் நடக்கும்போது எனக்கு அவ்வளவு பயமில்லை, நிற்கும்போதுதான் பயம். பின்னால் வருபவர்களுக்குக் காத்திருக்கும் இடம், சாப்பிடும் இடம், படம் எடுக்கும் இடம், இங்கேதான் வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் போவார்கள். அங்குள்ள பாறை சாக்பீஸ் போலப் பொடியும். மேலே பச்சைப் புல் சமமாகத் தெரியும். அடியில் பாறை அரித்துப் போய், புல்திட்டு வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. 2017-ல் படத்துக்காக விளிம்பருகே துள்ளிக் குதித்த ஒரு மாணவி இங்கே விழுந்து இறந்தார். விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம். பிள்ளைகளோடு போகும்போது அது போதாது, 15 மீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் முன்கூட்டியே தீர்மானித்து, நிலப்பக்கச் சரிவில் உட்கார வையுங்கள். குரூப் போட்டோவைக் கிளம்பும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள்.

ஆள் கணக்குக்கு வருவோம். குழந்தைகள் நல அமைப்பான என்எஸ்பிசிசி, 4–8 வயதில் ஆறு பேருக்கு ஒருவர், 9–12 வயதில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்கிறது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நாலு பேர் போதும். ஆனால் இந்தப் பாதைக்கு ஆறு பேராவது இல்லாமல் கிளம்ப வேண்டாம். முன்னால் ஒருவர், அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் ஒருவர். மீதி நாலு பேரும் வரிசைக்கு வலப்பக்கம், அதாவது கடல் பக்கம் நடக்கட்டும். தொப்பியோ பந்தோ கடல் பக்கம் பறந்தால் போகட்டும், யாரும் துரத்தக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

ஏற்ற இறக்கம் கால்களைப் பிழிந்துவிடும். முதல் குன்றான ஹேவன் பிரௌவே 77 மீட்டர் உயரம். யாராவது பாதியில் சோர்ந்தால் உள்பக்கமாக குரோலிங்க் கிராமத்துக்கு ஒரு பாதை பிரிகிறது. அங்குள்ள கார் பார்க்கில் ஒரு பெற்றோரின் கார் நிற்கட்டும். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்கிப் பார்க்க முயலாமல், 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படையை) கேளுங்கள்.

முந்தைய நாள் காற்று எந்தத் திசை என்று பாருங்கள். வழக்கமான தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும். வடக்கிலிருந்து பலமாக வீசினால் அது விளிம்பை நோக்கித் தள்ளும். மழை பெய்திருந்தால் பாறை சோப்பாக வழுக்கும். அப்படிப்பட்ட நாளில் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை; எக்சீட்டில் சாலைக்கு மறுபுறம் ஃப்ரிஸ்டன் காடு இருக்கிறது, நடையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.