தண்டால் எடுத்தால் கரையுமா?

அன்புள்ள சார்,

எனக்கு 23 வயது. செம்பூரில் வீடு, அந்தேரியில் வேலை. 14 வயதில் மார்பு பெண்களுக்குப் போல வீங்க ஆரம்பித்தது, இன்னும் வற்றவில்லை. ஜிம்முக்குப் போய் ஒன்பது கிலோ குறைத்தும் அது மட்டும் அப்படியே இருக்கிறது. மும்பைப் புழுக்கத்திலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன். லோக்கல் ரயிலில் எல்லோரும் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நிற்பதால் அங்கே மட்டும்தான் நிம்மதி. ஒரு கிளினிக்கில் ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இஎம்ஐ உண்டு" என்றார்கள். அப்பா, "தண்டால் எடுடா, கரைஞ்சிடும்" என்கிறார். யாரை நம்புவது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

தண்டாலில் கரையாது. எடை இறங்கினால் கொழுப்பு குறையும், சுரப்பித் திசு குறையாது. மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கத்திலிருந்தும் காம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி, அதாவது ஆண்களுக்கு மார்புச் சுரப்பி வளரும் கைனகோமாஸ்டியா. எதுவும் தடுக்காமல் விரல்கள் சேர்ந்துவிட்டால் வெறும் கொழுப்பு. உங்களுக்கு முதலாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பருவ வயதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சமன் குலைவதால் ஏராளமான பையன்களுக்கு இது வரும், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் திசு நார்போல இறுகிவிடுகிறது. டமாக்சிஃபென் மாதிரியான மாத்திரைகள் உதவுவதெல்லாம் வலியோடு வீங்கும் ஆரம்ப மாதங்களில்தான். ஆகவே ஆபரேஷன் என்று கிளினிக் சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் பேன்ட்டைக் கழற்றச் சொல்லி விதைப்பையைத் தொட்டுப் பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். விதையில் வரும் கட்டி அபூர்வமாக இப்படியும் முதலில் தலைகாட்டலாம். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு, ஜிம்மில் 'சும்மா ஒரு கோர்ஸ்' என்று குத்தும் ஸ்டீராய்டு ஊசி, குடியால் கெட்ட ஈரல், தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. ஊசி போட்டிருந்தால் டாக்டரிடமாவது மறைக்காதீர்கள். அதை நிறுத்தாமல் வெட்டினால் திரும்ப வரலாம்.

பரேலில் கேஇஎம் மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நில்லுங்கள், ஒரு நாள் லீவு போனால் போகட்டும். ஹார்மோன், ஈரல், தைராய்டு ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள்.

காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறிச் சுரப்பியை எடுப்பார்கள், கொழுப்பை லைப்போசக்ஷனில் உறிஞ்சுவார்கள். காம்புக்கு அடியில் கொஞ்சம் திசுவை விட்டுவைக்க வேண்டும், முழுக்கச் சுரண்டினால் அந்த இடம் குழி விழும். கைப்பழக்கம் உள்ளவரிடம் போகச் சொல்வது இதனால்தான். உள்ளே ரத்தம் கட்டலாம், உணர்ச்சி சில மாதம் மரத்துப்போகலாம். பிறகு சில வாரங்களுக்கு உங்கள் பனியனைவிட இறுக்கமான அழுத்த உடுப்பு ஒன்றைப் போட்டாக வேண்டும், அதனால் மே மாதம் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும், காம்பை விட்டுத் தள்ளிக் கெட்டியான கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, தோல் உள்ளிழுப்பு என்று ஏதாவது தெரிந்தால் லீவுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், மிக அரிதாக.

இன்சூரன்ஸ்காரர்கள் பல நேரம் இதை அழகுக்கான சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள். இஎம்ஐயில் கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.