ஏழு வழிகளில் இரண்டு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நீட்டுக்கும் தயாராகிறாள். வாரக் கடைசியில் மதரஸாவுக்குப் போவாள். பாடத்தில் வந்த சோதனைக்குழாய் குழந்தையைப் பற்றி, ‘மார்க்கத்தில் இது கூடுமா?’ என்று அங்கே கேட்டிருக்கிறாள். ‘அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பது ஹராம். பொம்பளப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?’ என்று உஸ்தாத் அதட்டிவிட்டார். இனி போகமாட்டேன் என்கிறாள். நிறுத்திவிடவா?
– ஒரு தாய், பரங்கிப்பேட்டை

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. அதே சமயம் அந்தப் பதிலோடு அவளை விட்டுவிடவும் வேண்டாம்.

முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978-ல். 1980-லேயே எகிப்தின் முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) ஜாதுல் ஹக் ஃபத்வா கொடுத்துவிட்டார்: கணவன் மனைவிக்குள் என்றால் கூடும், மூன்றாம் ஆள் நுழைந்தால் கூடாது. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, செயற்கைக் கருத்தரிப்புக்கு அன்றைக்கு இருந்த ஏழு வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. வெளியாளின் விந்து, வெளியாளின் கருமுட்டை, வாடகைத் தாய் என்று போகிற ஐந்து வழிகள் ஹராம். அதே கணவனின் இன்னொரு மனைவி கருவைச் சுமப்பதும் அந்த ஐந்தில் ஒன்று, அதுவும் கூடாது என்றார்கள். அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள்! மீதி இரண்டு: தம்பதியின் விந்தையும் முட்டையையும் வெளியே சேர்த்து அந்த மனைவியின் கருப்பையிலேயே வைப்பது, கணவனின் விந்தை மனைவிக்குள் செலுத்துவது. தேவை இருந்தால், முழு முன்னெச்சரிக்கையோடு, இவை கூடும்.

அவர்கள் கவலையெல்லாம் நஸபைப் பற்றி, அதாவது பிள்ளை யாருடைய வாரிசு என்பதைப் பற்றி. லேபில் ஒரு குப்பியின் பெயர்ச்சீட்டு மாறினால் வம்சமே மாறிப்போகுமே, முன்னெச்சரிக்கை அதற்குத்தான். விந்தும் முட்டையும் எங்கே, எப்படிச் சேர்கின்றன என்று மருத்துவம் சொன்னால்தான் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், இப்படிப் பிரித்துப் பார்க்க முடியும். உங்கள் மகள் படிக்கிற பாடம் அங்கேயும் தேவைப்படுகிறது.

உஸ்தாத் பாவம், ஓதிக் கொடுக்க வந்தவர். இந்த விவரமெல்லாம் அவர் கைக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் ‘பொம்பளப் பிள்ளை’ என்றது தப்பு. அதை மகளின் வாப்பா தனியாகப் போய்ப் பேசட்டும், வகுப்பில் வைத்து வேண்டாம். கேள்வியை மகளே எழுதட்டும், எந்த முறை, யாருடைய விந்து, யாருடைய முட்டை என்று விவரமாக. லால்பேட்டை அரபுக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை, அங்குள்ள மூத்த ஆலிம்களுக்கு அனுப்புங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் ஊரில் மார்க்கம் ஓதிய பெண் அறிஞர், ஆலிமா ஒருவரைப் பிடியுங்கள்.

அப்புறம், நீட் முடியும்வரை மதரஸா நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.